முகம் தெரியாத படங்கள்

மார்ச் 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை வாங்கி அலமாரியில் அழகு பார்க்கிறீர்களா? இங்கே அம்மா சுகம், நானும் சுகம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம்.

மாமாவைப் பற்றித்தான். நான் பிறப்பதற்கு முன்பே கப்பல் வேலைக்குப் போய், முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லாமல் இருந்த உங்கள் தம்பி, டிசம்பரில் வாசலில் வந்து நின்ற கதையை அம்மா உங்களுக்கு எழுதியிருப்பாள். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் மேசையில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். அம்மா எதிரில் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் மாமாடி" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பின் அறை அவருக்கு.

ஜூலையில் அவருக்குப் பிறந்தநாளாம். என் கையாலேயே ஒரு ஆல்பம் செய்து கொடுக்கலாமென்று இருக்கிறேன். கறுப்பு அட்டைத்தாள், நடுநடுவே பட்டர் பேப்பர், ஓரத்தில் துளை போட்டு நாடா. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊசி முனை அளவு திருகாணியெல்லாம் மாட்டுகிறவள் நான், ஒட்டும் வேலை எனக்கு ஒரு பொருட்டில்லை. குறை ஒன்றுதான். படம் இல்லை. நம் வீட்டுப் பழைய ஆல்பத்தில் மாமா இருந்த இடங்களிலெல்லாம் மூலை ஒட்டுகள் மட்டும் இருக்கின்றன, படங்களைக் காணோம். அம்மாவைக் கேட்டால், "பூச்சி அரிச்சிருக்கும்" என்கிறாள். மூலையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அரிக்கிற பூச்சி!

உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள். முகம் நன்றாகத் தெரிகிற படமாக இருக்கட்டும். வீட்டுக்கு வேண்டாம், கடை முகவரிக்கு. அம்மாவுக்கும் சொல்லவேண்டாம். பரிசு இல்லையா, ரகசியமாக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 2

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நடுவில் காய்ச்சல். இப்போது எழுந்து நடமாடுகிறேன், கவலைப்படாதே. தைலம் தேய்க்கிறேன்.

படங்கள் ஐந்து வைத்திருக்கிறேன். பெட்டியில் தேடி எடுத்தவை. திருப்பி அனுப்பவேண்டாம், நீயே வைத்துக்கொள். ஆல்பம் நல்ல யோசனைதான். ஆனால் ஆள் படமே ஒட்டவேண்டும் என்று என்ன இருக்கிறது? வீட்டை ஒட்டலாம், பள்ளிக்கூடத்தை ஒட்டலாம். பழைய பஸ் டிக்கெட், சட்டைத் துணி, இப்படியும் ஒட்டுகிறார்களே.

அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? அதை நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்
பெரியம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். அம்மா சாப்பிடுகிறாள். சாப்பிடுகிறாள் என்ன, மாமா சமைத்துப்போட இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறாள். அப்பா போனபின் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்காவே, "உங்கம்மாவுக்கு வயசு குறைஞ்சுபோச்சு" என்றாள்.

படங்கள் வந்தன. ஒன்றில் மாமா முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் துடைக்கிறார். ஒன்றில் தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கிறது. ஒன்றில் ஓடுகிறார், புகை மாதிரி இருக்கிறது. நாலாவதில் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். ஐந்தாவதில் அவருக்கு முன்னால் நீங்கள் குடை பிடித்து நிற்கிறீர்கள். முகம் தெரிகிற படம் கேட்டேன் பெரியம்மா. பொறுக்கிப் பொறுக்கி முகம் தெரியாததாகவே அனுப்பியிருக்கிறீர்கள்.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. பின் அறை வாசலின் உயரம் உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் வளர்ந்தவர்கள் தூக்கத்தில் நடந்தால்கூட அங்கே குனிவார்கள். அம்மா குனிகிறாள், நான் குனிகிறேன். நீங்கள் எப்போதோ ஒருமுறை வருகிறவர், நீங்களும் குனிகிறீர்கள். இந்த மனிதர் வந்த மாதம் முழுக்க நெற்றியை இடித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று. தொலைந்துபோன தம்பி திரும்பி வந்திருக்கிறார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கவேண்டியவர் நீங்கள். ஏன் இன்னும் வரவில்லை?

வாயாடி


மே 20

அன்பு வாயாடி,

இங்கே மழை. முழங்கால் படிக்கட்டைப் பார்த்தாலே அழுகிறது, பஸ்ஸில் எப்படி ஏறுவேன்? அதுதான் காரணம்.

தலையை இடித்துக்கொள்வது ஒரு குற்றமா? போனபோது பத்தொன்பது வயதுப் பையன். அதன்பின் வளர்ந்திருக்கமாட்டானா? சந்தேகம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று பார்க்க வாசலில் காவல் இருந்தவள்தானே நீ.

வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி ஜன்னலைப் பற்றிக் கேட்டுப் பார். அதோடு விட்டுவிடு. அம்மாவை எதுவும் கேட்காதே.

பெரியம்மா


மே 29

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மழை விட்டதா? இங்கே வெயில் கொளுத்துகிறது. இரண்டு பேரும் சுகம். மூன்றாவது ஆளும் சுகம்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார். பந்து பட்டு உடைந்தது, பழி பக்கத்துப் பையன்மேல் விழுந்தது, உங்கள் தம்பி வாய் திறக்கவில்லை, அம்மாதான் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தினாள். போகும் வழியெல்லாம் அம்மாவும் அழுதுகொண்டே போனாளாம். அம்மா அழுததை அவள் எனக்குக்கூடச் சொன்னதில்லை. அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். "அதையும் சொல்லியிருக்கானா" என்று முணுமுணுத்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். அடுப்பு எரியவே இல்லை.

சரி, ஞாபகம் இருக்கிறது. ஆனால் உடம்பு?

போன வாரம் அவருக்குப் படிக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்போம். அவருடைய காது மடலின் அடி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, தனியாகத் தொங்கவில்லை. கடைக்குப் போய் உங்கள் நாலாவது படத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு மடல் நன்றாகத் தொங்குகிறது. முடி நரைக்கும், மூக்கு தடிக்கும், பல் விழும். தொங்குகிற மடல் போய் ஒட்டிக்கொள்ளாது.

யாரோ ஒருவர் நம் வீட்டுக் கதையையெல்லாம் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்து எங்களோடு ஒரே கூரையின்கீழ் படுத்துத் தூங்குகிறார். அம்மாவிடம் சொன்னால் உடைந்துபோவாள். அதனால் நேரே காவல் நிலையத்துக்குப் போகலாமென்று இருக்கிறேன். உங்கள் பதிலுக்காக மட்டும் காத்திருக்கிறேன்.

வாயாடி


ஜூன் 6
விரைவுத் தபால்

வாயாடி,

காவல் நிலையத்துக்குப் போகாதே. உன் பெரியம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டிலிருந்து ஒரு பொருளாவது குறைந்திருக்கிறதா? யாரிடமாவது முறைதவறிப் பேசினாரா? அவர் வந்தபின் உன் அம்மா சிரிக்கிறாள் என்று நீயே எழுதினாய். கொஞ்ச நாள் பொறு. ஆல்பத்தை முடி. நல்லபடியாகக் கொடு. மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும்.

நான் சுகம்.

பெரியம்மா


ஜூன் 20

பெரியம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"முறைதவறிப் பேசினாரா", "அவர் வந்தபின்". உங்கள் கையெழுத்துதான். அதற்கு முந்தின கடிதத்தில் "வளர்ந்திருக்கமாட்டானா" என்று எழுதிய அதே கை. கூடப்பிறந்த தம்பியை, அதுவும் இடுப்பில் தூக்கி வைத்திருந்த தம்பியை, "அவர்" என்று எழுதும் அக்காவை நான் எங்கும் பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரியும் பெரியம்மா. அவசரத்தில் கை உண்மையை எழுதிவிட்டது.

இதையும் கேளுங்கள். காதைப் பற்றி உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். என் கடிதம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அம்மா அவருக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக்கொண்டு வந்தாள். மின்விசிறிக்கு அடியில் நாங்கள் வெந்துகொண்டிருக்கிறோம், அவர் காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வியர்வை தாடையில் சொட்டுகிறது. "ஜலதோஷம்" என்கிறாள் அம்மா. ஆக, என் கடிதம் கடையிலிருந்து உங்களிடம் வந்து, உங்களிடமிருந்து வீட்டுக்குப் போகிறது. தபால்காரர் பாவம், வீணாய் அலைகிறார்.

அந்த மனிதர் உங்கள் இருவரையும் எதைச் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்? எனக்குத் தோன்றுவது அதுதான்.

காவல் நிலையத்துக்கு இன்னும் போகவில்லை. வேறு வழி வைத்திருக்கிறேன். ஒரு ஸ்டூடியோவின் பழைய பெட்டிகளைக் கிளறி, மாமா படித்த பள்ளிக்கூடத்தின் பந்தாட்டக் குழுப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லா முகமும் துல்லியம். பின்பக்கம் வரிசையாகப் பெயர்கள். ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் பெயரை மறைத்து ஒட்டியிருக்கிறேன். பிறந்தநாளன்று திறந்து வைத்து, இதில் நீங்கள் யார் என்று கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிடப் போகிறேன், நாலு பேர் சாட்சியாக இருக்கட்டும்.

வாயாடி


ஜூலை 8

வாயாடி,

கேட்பதென்று முடிவு செய்துவிட்டாய். கேள். ஆனால் வெளியாட்களைக் கூப்பிடாதே. கேட்கும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

பெரியம்மா


ஜூலை 28

பெரியம்மாவுக்கு,

உங்கள் கார்டில் இருந்த கடைசி வரி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. வெளியாட்களைக் கூப்பிடவில்லை. மூன்று பேர்தான். மதியச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்தபின் ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

மனிதர் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத் தொட்டார். "எனக்கா?" என்றார். முதல் பக்கத்தில் வீடு, அடுத்ததில் சைக்கிள். பட்டர் பேப்பரை ஒவ்வொன்றாக நுனி விரலால் தூக்கிப் பார்த்தார். அவசரமே இல்லை. நடுப்பக்கம் வந்ததும் கேட்டேன்.

"மாமா, இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

தடுமாறுவார் என்று நினைத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பின்வரிசையில் ஓரத்தில் நின்ற பையன்மேல் விரலை வைத்தார். சரியான ஆள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் சொன்னார்.

"எவ்வளவு ஒல்லியா இருக்கான் பாரு. இங்கயும் பொத்தானை மாத்திப் போட்டிருக்கான்."

இருக்கேன் இல்லை பெரியம்மா. இருக்கான்.

அம்மா சட்டென்று குறுக்கே விழுந்தாள். "நீ அப்பவே அப்படித்தானே இருந்தே."

அவர் குல்லாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போதும் அக்கா. இந்தப் பொண்ணு இவ்வளவு பாடுபட்டு ஒட்டியிருக்கு. இதுக்கு மேல என்னால முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "நான் உன் மாமா இல்லம்மா. அவன் என் சிநேகிதன். கப்பல்ல ஒரே அறை. கீழ்ப்படுக்கை அவனுக்கு, மேல்படுக்கை எனக்கு. அவன் இயந்திர அறையில, நான் சமையல்கட்டுல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நெஞ்சுல சளி கட்டி, இறங்கின ஊர்ல ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பிழைக்கல. வேலையை விட்டதும் அவன் பையை எடுத்துக்கிட்டு உங்கம்மாகிட்ட சொல்லத்தான் வந்தேன். வந்த அன்னிக்கே வாசல்ல நின்னு சொல்லிட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பட்டர் பேப்பரை நீவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா, 'உன் மாமா'ன்னு சொன்னே?"

"என்ன செய்யச் சொல்றே?" என்றாள். "அவன் ஒரு வேலையிலயும் நிலைக்கலன்னு கோபத்துல, 'போ, இனிமே இந்த வாசல் பக்கம் வராதே'ன்னேன். கோபத்துல யார் என்ன சொல்லல? அவன் மட்டும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். எழுதினா நான் பதில் போடமாட்டேன்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். தினமும் என்னைப் பத்திப் பேசியிருக்கான், எனக்கு ஒரு வரி எழுதல." பட்டர் பேப்பரை இன்னொரு தடவை நீவினாள். "செத்துட்டான்னு இவர் சொன்னது ஒரு வார்த்தையில முடிஞ்சுபோச்சு. சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டே அவன் சொன்னதையெல்லாம் சொன்னார். ஜன்னல், சைக்கிள், நான் திட்டுற திட்டு, எல்லாம். அவனே உட்கார்ந்து பேசுற மாதிரி இருந்துது. அப்ப வாசல்ல உன் செருப்புச் சத்தம். யாரும்மா இதுன்னு கேட்பே. சாவு சொல்ல வந்தவர்னு சொல்ல வாயைத் திறந்தேன். உன் மாமான்னு வந்துருச்சு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்ன பிறகு நல்லா இருந்துது" என்றாள்.

படங்களை எடுத்து ஒளித்ததும் அவள்தான். அந்த வாரமே, என் கண்ணுக்குப் பயந்து. ஏழு மாதம் வீட்டில் நாடகம் நடந்திருக்கிறது. அதில் நடிக்காமல் வாழ்ந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மனிதர் பையைக் கட்டிவிட்டார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை நான். கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தபோது பின் அறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. அம்மா மேசையில் அதே இடத்தில் ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

உங்களுக்கு எப்போது தெரியும்? என்னிடம் மறைத்து, என்னையே பைத்தியக்காரி ஆக்கி, காய்ச்சல் மழை என்று கதை எழுதிக்கொண்டிருந்தீர்களே, அதற்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும்.

வாயாடி


ஆகஸ்ட் 16

என் வாயாடிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். அம்மாவுக்குத் தினமும் ஒரு வேளையாவது சூடாகச் சாப்பாடு கொடு.

ஜனவரியில் தெரியும். அம்மா எழுதினாள். யாரிடமும் சொல்லாதே அக்கா, கொஞ்ச நாள் அவன் இங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினாள். சொல்லவில்லை. அங்கே வந்தால் அந்த மனிதரைத் தம்பி என்று கூப்பிடவேண்டும். அது என் வாயில் வராது. அதனால் வரவும் இல்லை. நீ காதைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு எழுதியது நான்தான். உன்னிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

முகம் தெரியாத படமாகப் பொறுக்கினேன் என்றாய். உண்மை. அதற்காகப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டி வந்தது. பகல் முழுக்க ஆயிற்று.

அவன் போகும்போது அந்த மனிதர் பக்கத்தில் இருந்தாரா என்று மட்டும் கேட்டு எழுது. உன் அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முழங்கால் தேவலை.

பெரியம்மா


ஆகஸ்ட் 29

என் அன்புப் பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடிதான் பிரித்தேன். "பகல் முழுக்க ஆயிற்று" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

மாமா உங்களுக்கும் தம்பி. இத்தனை கடிதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நான் கதவை அளந்தேன், காதை அளந்தேன், நீங்கள் எழுதிய எழுத்தை அளந்தேன். மார்ச்சில் வந்தது காய்ச்சல்தானா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அந்தப் பொழுதெல்லாம் அங்கே உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தார்களா? தனியாகவா அழுதீர்கள்?

அந்த மனிதரைத் தேடிப் போனேன். வெகுதூரம் போகவில்லை, அடுத்த தெரு ரொட்டிக் கடையின் மாடியில்தான் இருக்கிறார், அங்கேயே வேலையும். என்னைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து நின்றார். உங்கள் கேள்வியைக் கேட்டேன். பக்கத்திலேயே இருந்தாராம். கடைசிவரை மாமாவுக்கு நினைவு இருந்ததாம். அன்று உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினாராம், அம்மாவைப் பற்றி இல்லை. என்ன பேசினார் என்று எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றேன். "எழுத வராதும்மா. சொல்லத்தான் தெரியும்" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள். அம்மா அவளிடம், "என் தம்பியோட சிநேகிதர். தம்பி இறந்துட்டான்" என்றாள். முதல் தடவையாக வெளியில் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

ஒளித்து வைத்த படங்களை அம்மா கொடுத்துவிட்டாள். அவரும் ஒன்று கொடுத்தார், கப்பல் தளத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள், முகம் நன்றாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒட்டி, ஆல்பத்தைப் புதிதாகக் கட்டிவிட்டேன். இது உங்களுக்கு. நாளை தபாலில் போடட்டுமா?

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 7

என் கண்ணே,

எல்லோரும் சுகமாக இருங்கள்.

ஆல்பத்தைத் தபாலில் போடாதே. அவரிடம் கொடுத்தனுப்பு. பஸ் நிலையத்திலிருந்து நேரே வந்தால் மூன்றாவது திருப்பம், பச்சைக் கதவு. நான் வாசலில் நிற்பேன். நீயும் அம்மாவும் பிறகு வாருங்கள். இரண்டு அக்காவும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த மனிதரை ஒரு வார்த்தை பேசவிடமாட்டோம்.

இப்போதெல்லாம் எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. வலப்பக்கம் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல். அவசரமாகத் திரும்பவேண்டாம் என்றும் சொல்.

உன்
பெரியம்மா